கணினி வருமுன் கணக்கைச் சீர்செய்வோம்

(தோட்டத் தொழிலாளரும் பணியாளரும் கூடிய கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் நிகழ்த்திய உரை)



தோட்டத்து ஆபீசில் செக்ரோல் புத்தகம் இருந்த மேசைக்குக் கணினி வந்து நாளாகிவிட்டது. இப்பொழுது வருவது அதனினும் பெரிய ஏற்பாடு. பெரட்டுக்களத்தில் பேர் பதிவது, பால் கொட்டகையில் எடை போடுவது, மாத முடிவில் சம்பளம் பாங்கில் விழுவது ஆகிய எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் கோத்துவிடும் ஏற்பாடு அது. மண்டோர் கையில் ஒரு கைப்பேசி இருக்குமாம். அவர் தட்டுகிற எண் நேரே ஆபீசுக்குப் போகுமாம். சம்பளப் பட்டியல் தானாகவே தயாராகிவிடுமாம். நிர்வாகத்தார் இப்படிச் சொல்லுகிறார்கள். மென்பொருளை விற்க வருகிறவர் இதற்கும் மேலே சொல்லுகிறார்.

இதைக் கேட்டுக் கிராணிமார் சிலர், வேலை போய்விடுமோ என்று கலங்குகிறார்கள். தொழிலாளத் தோழர் சிலரோ, கிராணி எழுதும் கணக்கைவிட இயந்திரம் எழுதும் கணக்கு நேர்மையாக இருக்கும் என்று மகிழ்கிறார்கள். கலக்கமும் வேண்டாம், மகிழ்ச்சியும் இப்பொழுதே வேண்டாம். வருகிற பொருள் நல்லதா கெட்டதா என்பதைவிட, அது எப்படி வருகிறது, யாரைக் கேட்டு வருகிறது, எத்தனை நாள் சோதித்துவிட்டு வருகிறது என்பதையே நாம் முதலில் கேட்கவேண்டும். சம்பளக் கணக்கில் ஒரு பிழை நேர்ந்தால் அது காகிதத்தோடு நிற்பதில்லை. கடைப் பாக்கியிலும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவிலும் அடுப்பங்கரையிலும் அதன் சூடு தெரியும்.

வெளிநாட்டில் நடந்த ஒரு செய்தியைக் கேளுங்கள். கனடா ஏழை நாடன்று. படித்தவர் இல்லாத நாடும் அன்று. அந்த நாட்டு மத்திய அரசாங்கம் தன் ஊழியரின் சம்பளக் கணக்கை நாற்பது ஆண்டுப் பழைய முறையிலிருந்து புதிய முறைக்கு மாற்ற 2009இல் திட்டமிட்டது. புதிய முறைக்கு ஃபீனிக்ஸ் என்று பெயர். 2016 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு கட்டமாக அதைத் தொடங்கினார்கள். அதன் கீழ் வந்த ஊழியர் ஏறத்தாழ 2 லட்சத்து 90 ஆயிரம் பேர். சம்பள நாளும் வந்தது. பலருக்குச் சம்பளம் குறைந்தது. சிலருக்கு வரவே இல்லை. வேறு சிலருக்கு அளவுக்கு மிஞ்சி வந்து, பிறகு திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தது. 2017 ஜூன் மாத முடிவில், சம்பளக் குறை தீராமல் காத்திருந்தவர் 1 லட்சத்து 50 ஆயிரம் பேர். அதிகம் கொடுத்ததும் குறைத்துக் கொடுத்ததுமாகச் சேர்த்துப் பிழையின் தொகை 50 கோடி டாலரைத் தாண்டியிருந்தது.

ஏன் இப்படி ஆயிற்று? இயந்திரத்துக்குக் கூட்டத் தெரியவில்லையா? கூட்ட நன்றாகத் தெரியும். அதைக் கொண்டுவந்த முறைதான் தவறு. அந்நாட்டுத் தலைமைக் கணக்காய்வாளர் 2017, 2018 ஆண்டுகளில் வெளியிட்ட அறிக்கைகள் இதனை விளக்கமாகக் கூறுகின்றன. அந்தச் சம்பள முறையில் 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விதிகள் இருந்தன. அதைச் செய்து முடிக்க 27 கோடியே 40 லட்சம் டாலர் ஆகும் என்று ஒப்பந்தக் கம்பெனி 2012இல் சொன்னது. கையில் அனுமதி இருந்ததோ 15 கோடியே 50 லட்சம்தான். பணத்தைக் கூடுதலாகக் கேட்கவும் இல்லை, காலத்தை நீட்டவும் இல்லை. செலவுக்குத் தக்கபடி வேலையை வெட்டிக் குறைத்தார்கள். பின்தேதியிட்ட சம்பளத்தைக் கணக்கிடுவது போன்ற முக்கியமான வேலைகளையே ஒதுக்கிவைத்தார்கள். ஓர் இலாகாவில் முதலில் பரீட்சித்துப் பார்ப்பதாக இருந்ததையும் கைவிட்டார்கள். இவை போதாவென்று, பல இலாகாக்களில் பரவியிருந்த 1,200 சம்பளக் கிராணிமாரை நீக்கிவிட்டு, மிராமிச்சி என்ற ஊரில் 550 பேரைப் புதிதாக உட்காரவைத்தார்கள். கணக்குத் தெரிந்தவர் வெளியே. கணக்குத் தெரியாத இயந்திரம் உள்ளே!

அந்நாட்டுத் தொழிற்சங்கங்கள் சும்மா இருக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் போராடி, 2020இல் பெரிய சங்கம் ஒன்று தன் உறுப்பினருக்கு ஆளுக்கு 2,500 டாலர் வரை நட்ட ஈடு பெறும் உடன்பாட்டைக் கண்டது. ஆனால் தோழர்களே, வீடு எரிந்தபின் கிடைக்கும் நட்ட ஈட்டைவிட, எரியுமுன் எடுத்து வைத்த ஒரு குடம் தண்ணீர் மேலானது அல்லவா? அந்த ஒரு குடம் தண்ணீர் எது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முதலாவது, எதற்காக இந்த மாற்றம் என்பதை எழுத்தில் வாங்கவேண்டும். "காலத்துக்கேற்ற முன்னேற்றம்" என்பது பதிலாகாது. சம்பளப் பட்டியல் போட இன்று ஆறு நாளாகிறது, அதை மூன்று நாளாக்கவேண்டும் என்பது பதில். எடையைக் கொட்டகையில் ஒரு முறை, ஆபீசில் ஒரு முறை என்று இரண்டு தரம் எழுதுவதால் பிழை வருகிறது, அதை ஒரு தரமாக்கவேண்டும் என்பது பதில். இப்படி அளந்து பார்க்கத்தக்க நோக்கம் நான்கு இருந்தால் போதும். வேலை முடிந்தபின் அந்த நான்கும் நிறைவேறியதா என்று கேட்கலாம். நோக்கமே எழுதப்படாத வேலை வென்றதா தோற்றதா என்று யார் சொல்லமுடியும்?

இரண்டாவது, இன்று வேலை எப்படி நடக்கிறது என்பதை நாமே எழுதிவைக்கவேண்டும். இது மிக முக்கியம். விற்க வருகிறவர் காட்டுகிற படத்தில் ஒரு வெட்டுமரக்காரர் காலையில் பேர் கொடுக்கிறார், மரம் வெட்டுகிறார், பால் நிறுக்கிறார், சம்பளம் வாங்குகிறார். தோட்டம் அப்படியா நடக்கிறது? பாதி நிரை வெட்டியதும் மழை கொட்டுகிறது. மங்கில் இருந்த பால் தண்ணீரோடு போகிறது. அன்றைய கணக்கு என்ன? ஒருவர் எம்.சி. எடுத்தால் அவர் நிரையை வேறொருவர் வெட்டுகிறார். பால் யார் பேரில் ஏறும்? பால் வெட்டுகிறவரை நடுப்பகலில் உரம் போட அனுப்பினால் எந்த விகிதத்தில் சம்பளம்? கட்டிப்பால் மறுநாள் எடுத்தால் எந்த நாள் கணக்கில் சேரும்? பிரசவ விடுமுறை 2023 ஜனவரி 1 முதல் 60 நாளிலிருந்து 98 நாளாகியிருக்கிறதே, அது மென்பொருளில் இருக்கிறதா? இப்படிப்பட்ட விதிவிலக்குகள்தாம் கனடாவைக் கவிழ்த்தன. நம் தோட்டத்தில் 80 ஆயிரம் விதி இல்லை, எண்பது இருக்கலாம். அந்த எண்பதையும் எழுதுவதற்குப் பெரிய கிராணியாரும் மண்டோரும் வெட்டுமரக்காரர் இருவரும் நாலு மாலைப்பொழுது ஒன்றாக உட்கார்ந்தால் போதும்.

மூன்றாவது, எடையும் சதவிகிதமும். பால்வெட்டுத் தோழர்கள் இதைக் கூர்ந்து கேட்கவேண்டும். 24 கிலோ பால் கொண்டுவருகிறீர்கள். அதில் ரப்பர் 35 சதவிகிதம் என்று கண்டால் உலர்ந்த ரப்பர் 8.4 கிலோ. மென்பொருளில், "சோதனை எண் போடாவிட்டால் 30 சதவிகிதம் என்று எடுத்துக்கொள்" என ஒருவர் முன்கூட்டியே எழுதிவைத்திருந்தால்? அதே பால் 7.2 கிலோ ஆகிவிடும். ஒரு நாளைக்கு 1.2 கிலோ நட்டம். 26 நாளும் அப்படியே நடந்தால் 31.2 கிலோ! இன்னொன்று: புள்ளிக்குப் பின்னால் வருவதை அது வெட்டிவிடுகிறதா, சேர்க்கிறதா? 8.4ஐ 8 என்று வெட்டினால் 26 நாளில் 10.4 கிலோ காற்றோடு போய்விடும். யாரும் திருடவில்லை, யாரும் பொய் எழுதவில்லை, ஆனாலும் போய்விடும். எடைக்குத் தக்கபடி கூலி பெறுகிறவருக்கு இது சிறிய செய்தியா? ஆகவே எண் போடாத இடத்தில் மென்பொருள் தானாக எதை நிரப்பும், புள்ளியை எப்படிக் கணக்கிடும் என்ற இரண்டு கேள்விக்கும் எழுத்தில் விடை வாங்குவோம். அத்துடன், எடையும் சதவிகிதமும் அச்சிட்ட ஒரு துண்டுச் சீட்டு கொட்டகையிலேயே ஒவ்வொருவர் கையிலும் தரப்படவேண்டும்.

நான்காவது, பேர்ப்பட்டியலைத் துப்புரவு செய்தல். ஒரே தோட்டத்தில் முனியம்மாக்கள் மூவர் இருக்கலாம். முனியாண்டி என்ற பெயரை ஐ.சி.யில் ஒருவிதமாகவும், பாங்குப் புத்தகத்தில் வேறுவிதமாகவும், சேமநிதியில் மூன்றாம் விதமாகவும் எழுதியிருப்பார்கள். வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த தோழர்களின் பாஸ்போர்ட் எண், புதுப்பிக்கும்போது மாறிவிடும். பழைய புத்தகத்தில் கிராணியார் முகம் பார்த்து அறிந்துகொள்வார். இயந்திரத்துக்கு முகம் தெரியாது. எழுத்து ஒன்று பிசகினாலும் அது வேறு ஆள். குப்பையை வெள்ளித்தட்டில் கொட்டினாலும் குப்பைதான். ஆகவே கணினியில் ஏற்றுமுன், ஒவ்வொருவரும் தம் பெயர், எண், பாங்குக் கணக்கு, சேமநிதி, சொக்சோ விவரங்களைத் தாமே பார்த்துச் சரி என்று ஒப்பவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பக்கத்தில் இருந்து படித்துச் சொல்லுவது நம் கடமை.

ஐந்தாவது, கருவி நம் காட்டுக்கு ஏற்றதாக இருக்கிறதா? மேட்டுக்காட்டில் கைப்பேசிக்கு அலை கிடைக்காத இடம் உண்டு. அங்கே பதிந்தது அழியாமல் இருந்து, ஆபீசுக்கு வந்ததும் சேருமா? மழையில் நனைந்த கையோடும் பால் பிசுக்கோடும் தொட்டால் வேலை செய்யுமா? விரல்ரேகை பதியும் இயந்திரம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஆண்டுக்கணக்காகக் கத்தியும் வாளியும் பிடித்த விரலில் ரேகை தேய்ந்திருக்கும். இயந்திரம் அவரை அறிய மறுத்தால், பெரட்டுக்கு வந்தவர் வராதவர் ஆகிவிடுவார்! அப்படிப்பட்ட நேரத்தில் கையால் எழுதிச் சேர்க்க வழி இருக்கவேண்டும். எழுத்து தமிழிலும் மலாயிலும், தேவைப்பட்டால் வங்காளத்திலும் தெரியவேண்டும். மண்டோர்மாருக்கும் கிராணிமாருக்கும் தரும் பயிற்சி வேலை நேரத்திலேயே, சம்பளத்தோடு நடக்கவேண்டும்.

ஆறாவது, சிறிதாகத் தொடங்குவது. ஒரு டிவிஷனில் முதலில் நடத்திப் பார்க்கட்டும். அங்கே ஏற்படும் கோளாறுகளைத் தீர்த்தபின் அடுத்த டிவிஷனுக்குப் போகட்டும். எந்த மாதத்தில் தொடங்குவது என்பதும் யோசிக்கவேண்டிய செய்தி. தீபாவளிக்கு முந்திய மாதம் கூடவே கூடாது. இலையுதிர் காலத்தில் பால் குறைவு, கணக்கும் எளிது. ஆகவே பழகுவதற்கு அது நல்ல காலம். ஆனால் அந்தக் காலத்தில் மட்டும் சோதித்துவிட்டு, எல்லாம் சரி என்று சான்று கொடுத்துவிடக் கூடாது. பால் பெருகி, மழையும் குறுக்கிட்டு, ஆபீஸ் திணறுகிற ஒரு மாதத்தையும் அது தாண்டிக் காட்டட்டும்.

ஏழாவது, இரட்டைக் கணக்கு. குறைந்தது இரண்டு சம்பளத்துக்குப் பழைய முறையிலும் கணக்குப் போடவேண்டும்; புதிய முறையிலும் போடவேண்டும். ஆள் ஆளாக, வெள்ளி வெள்ளியாக, காசு காசாக ஒப்பிடவேண்டும். மொத்தம் ஒன்றாக இருந்துவிட்டால் போதாது; ஒருவருக்கு 50 வெள்ளி கூடி இன்னொருவருக்கு 50 வெள்ளி குறைந்தாலும் மொத்தம் ஒன்றாகத்தான் இருக்கும். வேறுபாடு ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதவேண்டும். சில இடங்களில் பழைய கணக்கே தவறாக இருந்திருக்கும்; அதுவும் வெளிப்படட்டும். இந்த இரண்டு மாதமும் கிராணிமாருக்கு வேலை இரட்டிப்பு. ஆகவே அந்த நேரத்துக்குக் கூடுதல் ஆளோ மிகுநேரச் சம்பளமோ செலவுத் திட்டத்தில் முன்னமே சேர்க்கப்பட்டிருக்கவேண்டும். மென்பொருளின் விலை மட்டும் செலவாகாது. கருவி, பயிற்சி, பேர்ப்பட்டியல் வேலை, ஆண்டுக் கட்டணம், பழுது பார்த்தல் எல்லாம் செலவே. முதலிலேயே இதைச் சேர்க்காவிட்டால், பணம் தீர்ந்ததும் முதலில் வெட்டுப்படுவது பயிற்சியும் சோதனையுமே. கனடாவில் நடந்ததை நினைவில் வையுங்கள்.

எட்டாவது, நில் என்று சொல்லும் அதிகாரம். எந்த நிலை வந்தால் தொடங்குவோம், எந்த நிலை வந்தால் பழைய முறைக்குத் திரும்புவோம் என்பதைத் தொடங்குமுன்பே எழுதிவைக்கவேண்டும். முடிவு செய்ய ஒரு பொறுப்பாளர் பெயர் குறித்து இருக்கவேண்டும். எல்லோருக்கும் பொறுப்பு என்றால் ஒருவருக்கும் பொறுப்பில்லை. தீபகற்ப மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் தரப்படவேண்டும். "கணினி கோளாறு" என்று சொன்னால் எட்டாம் நாள் ஏழாம் நாளாகிவிடாது. ஆகவே மூன்றாம் நாள் பட்டியல் தயாராகாவிட்டால் பழைய முறையில் சம்பளம் போடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நிர்வாகத்துக்கும் பாதுகாப்பு, நமக்கும் பாதுகாப்பு.

ஒன்பதாவது, பிழை நேர்ந்தால் என்ன செய்வது? குறைந்து வந்தவருக்கு அடுத்த மாதம் வரை காத்திரு என்று சொல்லலாகாது. உடனே முன்பணமாகக் கொடுத்துவிட்டுக் கணக்கை நேர்செய்யவேண்டும். கூடுதலாக வந்துவிட்டால்? முதலாளியின் பிழையால் அதிகம் கொடுத்ததைப் பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதற்கு முந்திய மூன்று மாதத்தில் கொடுத்ததை மட்டுமே பிடிக்கலாம். ஒரு மாதத்துப் பிடிப்புகளுக்கும் பொதுவாகச் சம்பளத்தில் பாதி என்ற வரம்பு உண்டு. இந்த இரண்டும் மென்பொருளிலேயே கட்டிவைக்கப்படவேண்டும்.

கடைசியாக ஒன்று. இது கிராணிமாருக்கும் தொழிலாளருக்கும் பொது. பிரிட்டனின் அஞ்சலகங்களில் 1999 முதல் ஹொரைஸன் என்ற கணக்கு மென்பொருள் புகுத்தப்பட்டது. அதில் இருந்த கோளாற்றால், சிறு அஞ்சலகங்களை நடத்தியவர்களின் கணக்கில் பணம் குறைவதாக அது காட்டியது. அவர்கள் முறையிட்டார்கள். யாரும் கேட்கவில்லை. இயந்திரம் சொல்வதே மெய், மனிதர் சொல்வது பொய் என்று கொண்டு, 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் ஆக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். அந்த மென்பொருளில் கோளாறு உண்டு என்று உயர்நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. தண்டனைகளை நீக்க 2024இல் தனிச் சட்டமே இயற்றவேண்டியதாயிற்று. இருபது ஆண்டுக்கும் மேலான துன்பம்!

இதிலிருந்து நாம் கொள்ளவேண்டிய பாடம் என்ன? கணக்கு குறைகிறது என்று கணினி சொன்னால், அதுவே ஒருவரைக் குற்றவாளியாக்கப் போதிய சான்றாகாது. எந்த எண்ணை யார் பதிந்தார், யார் பிறகு மாற்றினார், எந்த நாளில், எந்த மணிக்கு என்ற அடிச்சுவடு மென்பொருளில் அழியாமல் இருக்கவேண்டும். அதைப் பார்க்கும் உரிமை குற்றம் சாட்டப்பட்டவருக்கும் சங்கப் பிரதிநிதிக்கும் வேண்டும். ஒப்பந்தம் முடிந்து விற்றவர் போய்விட்டாலும், பழைய கணக்கு தோட்டத்தின் கையில் படிக்கத்தக்கதாக இருக்கவேண்டும். இவற்றை வாங்கும் நாளிலேயே கேட்கவேண்டும். வாங்கியபின் கேட்டால், "அதற்குத் தனி விலை" என்பார்கள்.

கிராணிமார்களே! நம்மில் சிலர் நினைப்பதுபோல் கணினி நம் அறிவை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மழை நாளின் கணக்கும், மாற்று நிரையின் கணக்கும் நம் தலையில்தான் இருக்கின்றன. அவற்றை எழுதித் தருகிறவரும், புதிய கணக்கைப் பழைய கணக்கோடு ஒப்பிட்டுப் பிழை காண்கிறவரும் நாமே. ஆட்குறைப்புப் பற்றிப் பேச நிர்வாகத்தார் விரும்பினால், புதிய முறை பல மாதம் பிழையின்றி ஓடிக் காட்டியபின் சங்கத்தோடு பேசட்டும். அதற்குமுன் ஓர் ஆளையும் எடுக்கலாகாது.

பால்வெட்டுத் தோழர்களே! கொட்டகையில் தரும் துண்டுச் சீட்டை எறிந்துவிடாதீர்கள். ஒரு ஆணியில் குத்தி வையுங்கள். மாதம் முடிந்ததும் பிள்ளைகளை விட்டுக் கூட்டச் சொல்லுங்கள். அந்தக் கூட்டுத்தொகையும் சம்பளச் சீட்டும் ஒத்துவந்தால் மென்பொருள் வேலை செய்கிறது என்று பொருள். ஒத்துவராவிட்டால் சீட்டோடு ஆபீசுக்கு வாருங்கள். கிராணியும் நீங்களும் ஒரு மேசையில் உட்கார்ந்து பார்க்கலாம்.

இன்று சொன்ன ஒன்பதையும் அடிச்சுவடு பற்றியதையும் சேர்த்துப் பத்துக் கோரிக்கையாக ஒரு தாளில் எழுதியிருக்கிறோம். கூட்டம் முடிந்ததும் ஒவ்வொரு டிவிஷனிலிருந்தும் இருவர் பெயர் கொடுக்கவேண்டும்: ஒருவர் வெட்டுமரக்காரர், ஒருவர் மண்டோர் அல்லது பணியாளர். வருகிற பெரட்டில்லாத நாளில் அவர்களோடு உட்கார்ந்து நம் தோட்டத்து விதிவிலக்குகளை எழுதத் தொடங்குவோம். நிர்வாகத்தார் மென்பொருளுக்குக் கையெழுத்திடுமுன் அந்தத் தாள் அவர்கள் மேசையில் இருக்கவேண்டும்.